ஆடம்ஸ் எந்த வீட்டுக்குப் போனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாரிசு அரசியல் கட்டுரையில் அமெரிக்காவின் ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸுக்குக் கிடைத்தது ஒரே வரி. அப்பா அதிபராக இருந்த புண்ணியத்தில் பதவிக்கு வந்து, ஒரே தவணையில் வீட்டுக்குப் போனவராம்.

வீட்டுக்கா? 1828 அதிபர் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்றவர், அதிபராக இருந்தவன் இதற்கெல்லாம் நிற்பதா என்று பார்க்காமல், 1830இல் மாசசூசெட்ஸிலிருந்து நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நின்று ஜெயித்து, சாகும்வரை உறுப்பினராகவே இருந்தார். அடிமை முறைக்கு எதிரான மனுக்களைச் சபையில் எடுக்கவே கூடாது என்று 1836இல் வாய்ப்பூட்டு போட்டார்கள். இந்தக் கிழவர் விடாமல் மனுவும் கையுமாக எழுந்து நின்று, கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தவர்களையும் சமாளித்து, 1844இல் அந்த விதியை ஒழித்துக்கட்டினார். நடுவில் 1841இல், 73 வயதில், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டபோது கிளர்ந்தெழுந்த அமிஸ்டாட் கப்பல் ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி அவர்களுக்கு விடுதலை கிடைக்கச் செய்தார். 1848 பிப்ரவரியில் சபையிலேயே சரிந்து, இரண்டு நாள் கழித்து அங்கேயே சபாநாயகர் அறையில் உயிர்விட்டார்.

அப்பா பெயர் உதவவில்லை என்று நான் சொல்லவில்லை. பத்து வயதில் அப்பாவோடு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியவர்தான். ஆனால் அதிபர் தேர்தலில் அப்பாவைத் தோற்கடித்த ஜெஃபர்சன் கொண்டுவந்த வெளிநாட்டு வணிகத் தடையை ஆதரித்து, சொந்தக் கட்சியைப் பகைத்துக்கொண்டு, 1808இல் செனட் பதவியை விட்டதும் இதே வாரிசுதான். திட்டுவதற்கு விஷயமா இல்லை? 1824 அதிபர் தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்கு ஜாக்சனுக்கு 99, இவருக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் சபை இவரைத் தேர்ந்தெடுத்தது, அதற்கு உதவிய ஹென்றி கிளே வெளியுறவு அமைச்சரானார். அந்தப் பேர வதந்தி கடைசிவரை இவரை விடவில்லை. அதை எழுதியிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். உங்கள் கட்டுரையாளருக்குத் திட்டக்கூட விஷயம் தெரியவில்லை!

நான் ஏதோ படித்துவிட்டு அளப்பதாக நினைக்க வேண்டாம். மகள் பாஸ்டன் பக்கம் இருப்பதால் குவின்சி ஊருக்கே போயிருக்கிறேன். அப்பாவும் மகனும் பிறந்த வீடுகள் அக்கம்பக்கத்தில் நிற்கின்றன, உள்ளே தலை இடிக்கிற மாதிரித் தாழ்ந்த கூரை. குடும்ப நூலகத்தில் தரையிலிருந்து உச்சிவரை புத்தகங்கள். தேவாலயத்தின் அடித்தளத்தில் அப்பா, அம்மா, மகன், மருமகள் நால்வருக்கும் கருங்கல் கல்லறைகள்.

முன்பும் ஒருமுறை அப்பா படத்தைப் போட்டு மகன் பெயரை அடியில் அச்சடித்தீர்கள். உடனே எழுதினேன். என் கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கி, திருத்தம் கேட்ட பகுதியைக் கவனமாக வெட்டிவிட்டு, 'கட்டுரை அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க நன்றி. வரலாற்றுப் பக்கம் போய் அங்கே ராசிபலன் வந்ததையும் பொறுத்துக்கொண்டேன். தங்களுக்குத் தெரியாத வரலாறா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில், பொடி எழுத்தானாலும் சரி, அவர் 1831 முதல் 1848 வரை சபையில் இருந்தார் என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம், சந்தா கட்டியும் போன மாதம் ஓர் இதழ் வரவில்லை. அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்