குமரன் கையில் இருந்தது இராட்டைக் கொடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுதந்திர தினச் சிறப்பிதழின் சிறுவர் பகுதியில் கொடிகாத்த குமரன் படம் பார்த்தேன். ஓவியம் அருமை. ஆனால் அவர் கையிலுள்ள கொடியில் அசோகச் சக்கரம் இருக்கிறது. திருப்பூரில் போலீஸ் தடியடிக்கு ஆளாகிக் குமரன் உயிர்விட்டது 1932 ஜனவரியில். சக்கரம் கொடிக்கு வந்ததோ 1947 ஜூலை 22 அன்று, அரசியல் நிர்ணய சபையில். அடி விழுந்தும் அவர் விடாமல் பிடித்திருந்தது இராட்டைக் கொடி.

படத்துக்குக் கீழே, காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்று ஒரு விளக்கம் வேறு. இது 1921-ல் காந்தி முன்வைத்த கொடியின் கதை. அந்தக் கொடியில் காவியே கிடையாது. மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. மூன்று பட்டைகள் மீதும் படரும்படி பெரிய இராட்டை. சிவப்பு இந்துக்கள், பச்சை முஸ்லிம்கள், வெள்ளை மற்ற மதத்தினர் என்று அப்போது சொன்னது உண்மைதான். சீக்கியர்கள் சும்மா இருப்பார்களா? தங்களுக்கும் ஒரு நிறம் வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு நிறம் கொடுக்க ஆரம்பித்தால் கொடி தாங்காது!

அதனால் 1931-ல் காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு, மூன்று நிறமே வேண்டாம், கொடி முழுக்கக் காவி, மூலையில் பழுப்பு நிற இராட்டை போதும் என்றது. ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. காவி, வெள்ளை, பச்சை, நடுவில் இராட்டை என்று முடிவானது. நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாது என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். காவி தைரியத்துக்கும் தியாகத்துக்கும், வெள்ளை உண்மைக்கும் அமைதிக்கும். மதச் சண்டை வேண்டாம் என்று மாற்றிய கொடிக்கு, இத்தனை வருஷம் கழித்தும் பழைய விளக்கத்தையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இராட்டை போனதற்கு நேரு சபையில் சொன்ன காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. கொடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும். இராட்டையோ பின்பக்கம் திரும்பித் தெரியும். அதனால் அதன் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சாரநாத் அசோகத் தூணில் உள்ள வடிவத்தை எடுத்தார்கள்.

அடுத்த சிறுவர் பகுதியில் குமரன் படத்தை இராட்டைக் கொடியோடு மறுபடி வெளியிடுங்கள். நிற விளக்கத்துக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். பள்ளிக்கூட ஆல்பத்தில் ஒட்ட இந்தப் படத்தைத்தான் பிள்ளைகள் வெட்டி எடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருப்பூர்