சாந்து இல்லாத சுவர்: தேவாவிலிருந்து சித்தப்பாவுக்கு

தேவா, ருமேனியா
18 மே 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம்.

இங்கு நலம். அங்கு நீங்கள், சித்தி, பாட்டி எல்லோரும் நலம்தானே. போன தடவை அனுப்பிய படத்தில் குதிரைமேல் இருக்கும் தாடிக்காரர் யார், தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர் பெயரே இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அதோடு, அந்த மலைக்கோட்டையிலிருந்து ஒரு சின்னக் கல்லாவது கொண்டு வர முடியுமா என்றும் கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன்.

அவர் டெச்செபால். டாச்சியரின் கடைசி அரசர். டான்யூப் ஆற்றுக்கு வடக்கே, கார்பாத்திய மலைகளைச் சுற்றி இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் வாழ்ந்தவர்கள் டாச்சியர். கிரேக்கர்கள் கேட்டே என்றார்கள், ரோமர்கள் டாக்கி என்றார்கள். அந்தப் பெயர் உங்கள் வீட்டுப் பக்கமே வந்திருக்கிறது: ஓரகடத்தில் 2012 முதல் செய்த ரெனோ டஸ்டர் இங்கே டாச்சியா டஸ்டர். மியோவேனி என்ற ஊரில் 1968 முதல் கார் செய்துவரும் கம்பெனிக்கு டாச்சியா என்றுதான் பெயர்.

டாச்சியர் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்த நூல் ஒன்றுகூடக் கிடையாது. எதிரிகளும் அயலாரும் எழுதியது, மண்ணுக்கடியில் கிடைத்தது, இவ்வளவுதான் கையில் இருப்பது. 1954-இல் அவர்கள் தலைநகரில் ஒரு பெரிய மண்பாண்டம் தோண்டி எடுத்தார்கள். அதில் லத்தீன் எழுத்தில் இரண்டு முத்திரை: 'டெக்கெபாலுஸ்', 'பெர் ஸ்கோரிலோ'. 'பெர்' டாச்சியச் சொல், மகன் என்று பொருள் எனக் கொண்டு, 'ஸ்கோரிலோவின் மகன் டெச்செபால்' என்று ஒரு சாரார் படிக்கிறார்கள். லத்தீனில் 'பெர்' என்றால் 'வழியாக' என்பதால், 'டெச்செபாலுக்காக ஸ்கோரிலோ செய்தது' என்று இன்னொரு சாரார் படிக்கிறார்கள். மூன்று சொல்லுக்கே இவ்வளவு வழக்கு. ஆகவே அவர்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் கல்லிலிருந்து தொடங்குவதுதான் சரி. உங்களுக்கும் அதுதானே வேண்டும்.

தலைநகரின் பெயர் சார்மிசெஜெட்டூசா ரெஜியா. ஒரஷ்தியே மலைகளில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மலையின் கல் ஏடு ஏடாகப் பிரிந்து பொடியும் ரகம், பொளிவதற்கு ஆகாது. அதனால் சுண்ணாம்புக்கல்லை மகுரா கலனுலுய் என்ற குன்றில் வெட்டி, சில பத்துக் கிலோமீட்டர் மலையேற்றி இழுத்து வந்தார்கள். கோயில்களுக்கு வேண்டிய ஆண்டசைட் என்ற கரும் சாம்பல் எரிமலைக் கல், நான் இருக்கும் இந்தத் தேவாவின் பக்கத்துக் குன்றுகளிலிருந்து போனது. கட்டும் வேலையைவிடக் கல் கொண்டுபோகும் வேலைதான் அதிகம் ஆளைத் தின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுவர் கட்டிய விதத்தைச் சொல்கிறேன். சரிவை வெட்டி மட்டம் செய்துகொண்டு, இரண்டு முகச்சுவர்களை எதிரெதிராக எழுப்புவார்கள். இடைவெளியையும் சேர்த்து மொத்தக் கனம் ஏறத்தாழ 3 மீட்டர், நம் கணக்கில் பத்தடி. கற்கள் பொளிந்து சதுரித்தவை. சாந்து கிடையாது, கல்மேல் கல் அப்படியே உட்காரும். இனித்தான் சூட்சுமம். கல்லின் மேல்முகத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அது பின்விளிம்பில் குறுகலாகத் தொடங்கி, முகத்தை நோக்கிப் போகப்போக மீன்வால்போல் விரியும். ஒரு மரச்சட்டத்தின் இரண்டு நுனிகளையும் அதே மீன்வால் வடிவில் செதுக்கி, ஒரு நுனியை இந்த முகக்கல்லிலும் மறு நுனியை எதிர் முகக்கல்லிலும் மேலிருந்து இறக்குவார்கள். வால் விரிந்திருப்பதால் கல் வெளியே நழுவ முடியாது. நடுவில் உடைகல்லும் மண்ணும் கொட்டிக் கெட்டிப்படுத்தி, மேலே அடுத்த வரியை வைத்தால் சட்டம் அசையாது. இந்த அமைப்பை 'டாச்சியச் சுவர்' என்றே அகழ்வாய்வாளர்கள் சொல்கிறார்கள்.

எதற்கு இத்தனை பாடு? மழை பெய்து நடுவிலுள்ள மண் ஊறினால் இரண்டு முகத்தையும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை மரச்சட்டம் இழுத்துப் பிடிக்கும். இடிமரத்தால் எதிரி மோதினாலும் அடியை மண்ணும் மரமும் வாங்கிக்கொள்ளும், கல் சட்டென்று பெயராது. மரம் உளுத்துப்போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதுவேதான் ஆயிற்று. சட்டம் மக்கியதும் முகச்சுவர் வயிறு தள்ளுகிறது. நடுமண்ணில் இறங்கிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து உப்பி, கல்லை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறது. மிச்சத்தைப் பீச் மரங்களின் வேர் முடித்துவைக்கிறது. இன்று பல இடங்களில் மேல்வரிகள் சரிந்து கிடப்பதற்குக் காரணம் போர் மட்டும் அன்று. சரிந்த கற்களில் அந்த மீன்வால் பள்ளம் திறந்து தெரிகிறது. முழுச்சுவரைவிட அதைப் பார்த்தால் வேலை நன்றாகப் புரியும்.

பொளிந்த கல்லால் கட்டும் பழக்கம் கருங்கடல் கரையிலிருந்த கிரேக்க நகரங்களின் வழியாக வந்தது. சார்மிசெஜெட்டூசாவின் சில கற்களில் கிரேக்க எழுத்துகளே வெட்டியிருக்கின்றன. ஆனால் மரச்சட்டத்தை இப்படிப் பூட்டி மலைச்சரிவுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டது டாச்சியர் கைவேலை. சற்றுத் தள்ளி பிளிடாரு கோட்டையில் ஒரு தண்ணீர்த்தொட்டி இருக்கிறது, சுமார் 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். அதில் மட்டும் ரோமர்களின் நீர்புகாச் சாந்து பூசியிருக்கிறது. ரோமச் சாந்து அங்கே எப்படி வந்தது என்பதற்கு வரலாற்றில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. கி.பி. 89-இல் ரோமப் பேரரசர் டொமிஷியன் டெச்செபாலோடு சமாதானம் செய்துகொண்டபோது பணத்தோடு கைவினைஞர்களையும் கொடுத்தார். 102-இல், அவருக்குப் பின் வந்த பேரரசர் டிராஜன் வென்று விதித்த நிபந்தனைகளில், அந்தக் கைவினைஞர்களைத் திருப்பி அனுப்பு, கோட்டைகளை இடித்துத் தள்ளு என்பவை முக்கியமானவை. கட்டத் தெரிந்த ஆட்களுக்காக இரண்டு அரசுகள் மல்லுக்கு நின்றன என்பது உங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

இனி போர். கி.மு. 82 வாக்கில் புரெபிஸ்தா என்பவர் சிதறிக் கிடந்த குலங்களை ஒன்றாக்கினார். குடியை ஒழிக்கத் திராட்சைக் கொடிகளையே வெட்டச் செய்தார் என்று கிரேக்கப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட காலத்தை ஒட்டி அவரும் சதியில் மாண்டார், நாடு துண்டானது. கி.பி. 87-இல் வந்த டெச்செபால் அதைத் திரும்பச் சேர்த்தார். டிராஜன் இரண்டு முறை படையெடுத்தார்: 101-102, பிறகு 105-106. இடையில் கட்டடக் கலைஞரான டமாஸ்கஸ்காரர் அப்பல்லோடோரஸ், துரோபேட்டாவில் டான்யூபின் குறுக்கே 20 தூண்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலத்தைக் கட்டினார். டாச்சியரின் அரிவாள்போல் வளைந்த வாள் தலைக்கவசத்தைப் பிளந்ததால், ரோமர்கள் கவசத்தின் உச்சியில் குறுக்கே இரும்புப் பட்டை வைத்துக்கொண்டார்கள். இருந்தும் 106-இல் தலைநகர் விழுந்தது. பிடிபடுவதற்கு முன் டெச்செபால் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவரைத் துரத்திப்போன குதிரைவீரர் டைபீரியஸ் கிளாடியஸ் மாக்சிமஸின் கல்லறைக்கல் 1965-இல் கிரீஸில் கிடைத்தது. டெச்செபாலின் தலையை டிராஜனிடம் கொண்டுபோய்க் கொடுத்ததாக அதில் வெட்டியிருக்கிறது.

இந்த வெற்றிக்கு ரோமில் 123 நாள் விழா எடுத்தார்கள். அப்போது டிராஜனைப் பார்க்க வந்த அயல்நாட்டுத் தூதர்களில் இந்தியர்களும் இருந்ததாக ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். 113-இல் எழுந்த டிராஜன் தூணில் இந்தப் போர் முழுவதும் சுருள் சுருளாக 23 சுற்று, இரண்டாயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் அச்சுப்படிகள் புக்காரெஸ்ட்டில் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணுக்கு நேராக வைக்கப்பட்டிருப்பதால் ரோமில் அண்ணாந்து பார்ப்பதைவிட இங்கே தெளிவாகப் பார்க்கலாம். ஒரு காட்சியில் டாச்சியர்கள் ஓர் அண்டாவைச் சுற்றி நின்று குவளையில் மொண்டு வாங்குகிறார்கள். விஷம் என்கிறார்கள் சிலர், முற்றுகையில் மிஞ்சிய கடைசித் தண்ணீர் என்கிறார்கள் சிலர். நகருக்குச் சுட்ட மண்குழாய்களில்தான் ஊற்றுநீர் வந்தது என்பதை வைத்துப் பார்த்தால், தண்ணீர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கோட்டைக்கு வெளியே கோயில் தளங்கள். பெரிய வட்டக் கோயிலின் குறுக்களவு 29 மீட்டருக்குச் சற்று அதிகம். வெளிவட்டத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அமர்ந்த 104 ஆண்டசைட் கற்கள். அதை ஒட்டி உள்ளே 210 கல்தூண்கள்: ஆறு ஒல்லி, ஒன்று அகலம், மறுபடி ஆறு ஒல்லி என்று முப்பது முறை. அதற்கும் உள்ளே மரத்தூண் வட்டம் 84, நடுவில் லாட வடிவில் 34. இப்போது அங்கே நிற்கும் மரத்தூண்கள் நம் காலத்தில் நட்டவை. எண்களை வைத்து இது நாட்காட்டி என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஏழும் முப்பதும் ஒழுங்காகத் திரும்புவது தற்செயல் அல்ல, ஆனால் எந்த நாளை எந்தத் தூண் குறித்தது என்று ஒருவரும் மெய்ப்பிக்கவில்லை. பக்கத்தில் ஏழு மீட்டர் அகலத்தில் 'ஆண்டசைட் சூரியன்' இருக்கிறது, நடுவட்டத்தைச் சுற்றிப் பத்துக் கதிர். அதன்மேல் கைவைத்தால் சக்தி ஏறும் என்று வருகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சு வேண்டாம் சித்தப்பா. பத்துக் கதிரையும் இணைப்புத் தெரியாமல் பொருத்திய கையே போதும் வியப்பதற்கு.

இந்த நாட்டுக்காரர்களுக்கு டாச்சியர் யார் என்று கேட்டால், பாட்டன் என்பார்கள். டிராஜன் யார் என்றால், அவரும் பாட்டன்தான். தேசிய கீதத்தில் வருவது டிராஜன் பெயர், டெச்செபால் பெயர் இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு பெயரும் வைக்கிறார்கள். பேச்சு லத்தீன் வழிவந்தது, மண் டாச்சியருடையது, அதனால் இரண்டையும் விட மனமில்லை. தேவா இருக்கும் இந்த டிரான்சில்வேனியாப் பகுதியில் உரிமை கேட்டுப் போராடிய அந்தக்கால அறிஞர்கள், நாங்கள் கலப்பில்லாத ரோமர் என்றார்கள். 1860-இல் ஹஸ்தேவ் என்ற அறிஞர், டாச்சியர் உண்மையில் அழிந்துபோனார்களா என்று எழுதிக் கேட்ட பிறகு காற்று மாறியது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அது எல்லை மீறியது. 1974-இல் க்ளூஜ் நகரத்தின் பெயரோடு நபோகா என்ற, டாச்சியா காலத்துப் பழம்பெயரை ஒட்டினார்கள். 1980-இல் புரெபிஸ்தாவின் அரசுக்கு 2050-ஆவது ஆண்டு விழா எடுத்தார் அப்போதைய ஆட்சித் தலைவர் சௌசெஸ்கு. அப்படி ஒரு துல்லியமான ஆண்டு எந்த மூலத்திலும் கிடையாது.

மொழியில் மிஞ்சியது சொற்பம். லத்தீனிலிருந்தும் வராமல், ஸ்லாவிய மொழிகளிலிருந்தும் வராமல், அல்பேனிய மொழியோடு ஒத்துப்போகும் சொற்கள் நூற்றுக்குக் கொஞ்சம் குறைய இங்கே இருக்கின்றன; இவை டாச்சியர் பேச்சின் எச்சமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். நாரைக்குப் பார்ஸா, பட்டாணிக்கு மஸரே, அடுப்படிக்கு வத்ரா, தேவதாரு இன மரத்துக்கு பிராட், உதட்டுக்கு பூஸா. காட்டிலும் கொட்டிலிலும் அடுப்படியிலும் புழங்கும் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். ஆட்சிக்கும் எழுத்துக்கும் உரிய சொற்கள் ஒன்றுகூட அதில் இல்லை.

இப்போது உங்கள் கல் விஷயம். கொண்டுவர முடியாது. 1999 முதல் தலைநகரும் பிளிடாருவும் உட்பட டாச்சியரின் ஆறு கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. தற்செயலாக ஒன்று கையில் கிடைத்தாலும் 72 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். கடுமைக்குக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி உலோகம் தேடும் கருவியோடு ஏறிய திருடர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ வரும் தங்கச் சுருள் காப்புகளைத் தோண்டிக் கொண்டுபோய் வெளிநாட்டில் விற்றார்கள். 13 காப்புகளை அரசு தேடிப்பிடித்து மீட்டது. அவற்றில் மூன்றும், கொட்சொஃபெனெஷ்டி தங்கத் தலைக்கவசமும் நெதர்லாந்தில் கண்காட்சிக்குப் போயிருந்தபோது 2025 ஜனவரியில் களவுபோயின. ஆட்களைச் சீக்கிரமே பிடித்தார்கள், பொருள் உடனே கிடைக்கவில்லை. தெருவில், பேருந்தில் எல்லாம் தங்கள் வீட்டு நகை போனதுபோல் பேசினார்கள்.

நீங்கள் வரும்போது ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வண்டிக்காரரிடம் வெறும் சார்மிசெஜெட்டூசா என்று சொன்னால் ஹட்செக் பள்ளத்தாக்கில், அதே பெயருள்ள கிராமத்தில் இறக்கிவிடுவார். அது டிராஜன் கட்டிய ரோம நகரம். டாச்சியர் நகரத்துக்கு ஒரஷ்தியேயில் இறங்கி, கொஸ்தெஷ்ட்டி வழியாக ஆற்றோரம் தெற்கே போய், வண்டியை நிறுத்திவிட்டு மேலே நடக்க வேண்டும். பனி விலகிய பிறகு, மே முதல் அக்டோபருக்குள் வருவது நல்லது. வழியில் பிளிடாருவை முதலில் பாருங்கள். தலைநகரில் ரோமப் படை தங்கிக் கோட்டையை மாற்றிக் கட்டிவிட்டதால், எது யார் வேலை என்று பிரிப்பது கடினம்.

கல்லுக்குப் பதிலாக, பின்பக்கத்தில் அந்த மீன்வால் பள்ளத்தையும் சட்டத்தின் நுனியையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்திருக்கிறேன். ஆசாரி மாமாவிடம் காட்டிச் சின்னதாக ஒன்று செய்து பூட்டிப் பாருங்கள். நுனியைச் சற்றுத் தளர்வாக விடச் சொல்லுங்கள், மரம் ஈரத்தில் ஊதினால் கல்லின் காது உடைந்துவிடும்.

பிரியமுடன்,
உங்கள் அண்ணன் மகன்