யாருக்கும் காட்டாமல் வரைந்து பார்

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். "கொஞ்ச நாளாகவே எதுவும் தோன்றவில்லை அப்பா, கணினியைத் திறந்தாலே கை மரத்துப்போகிறது" என்று நீ தொலைபேசியில் சொன்னதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். "லீவு போட்டுவிட்டு ஊருக்கு வா" என்று உன் அம்மா சொன்னதற்கு மேல் அன்று பேச்சு நகரவில்லை. காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைகளுக்கு டிசைன் போட்டே வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில், எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

உன் கற்பனை வற்றிவிட்டதாக நான் நம்பவில்லை. காலையிலிருந்து இரவுவரை நீ வரைகிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய ஒப்புதலுக்குப் போய், அங்கே திருத்தப்பட்டு, மறுபடி உன் மேசைக்கே திரும்பி வருகிறது. கோடு போடும்போதே "இதற்கு என்ன சொல்வார்களோ" என்ற கணக்கு உள்ளே ஓடத் தொடங்கிவிட்டால் கை தயங்காமல் என்ன செய்யும்? எங்கள் தொழிலிலும் இது உண்டு. முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது கடைக்காரர்கள் புதிதாக எதையும் கேட்கமாட்டார்கள். போன பருவத்தில் விற்ற கரையையே நிறம் மாற்றித் தரச் சொல்வார்கள். மாங்காயைச் சற்றுச் சாய்த்தும் அன்னத்தைத் திருப்பி நிறுத்தியும் அதையே மீண்டும் மீண்டும் கிராப் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தால், பென்சிலைப் பார்த்தாலே சலிப்பு வருகிற நாள் ஒன்று வந்தே தீரும்.

அப்படிப்பட்ட நாட்களில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் புதிதாக எதையும் வரையவிடமாட்டார். பழைய சேலை ஒன்றை எடுத்து இழை எண்ணச் சொல்வார். சேலையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, பூதக்கண்ணாடியை வைத்து, ஜரிகை நீளவாக்கில் ஓடும் எந்தெந்தப் பாவு இழைகளுக்கு மேலே வருகிறது, எங்கே உள்ளே மறைகிறது என்று எண்ணி, அதன்படி தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும். ஒரு கிளியை அவ்வாறு எடுக்கும்போதுதான், அதன் மூக்கு வளைந்து தெரிவதற்கு ஒரே ஒரு கட்டம் உள்வாங்கியிருப்பதே காரணம் என்பது புலப்படும். அந்தக் கட்டத்தை நிரப்பினால் கிளி காக்கையாகிவிடும். எண்ணுகிற வேலையில் தீர்மானிக்க ஒன்றுமில்லை என்பதால் மனத்துக்கு ஓய்வு கிடைக்கும், கையோ பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கும். எண்ணிக்கொண்டே போகையில், "இந்த இறகை இவர் இப்படி முடித்திருக்க வேண்டாமே" என்று உள்ளே ஒரு முணுமுணுப்பு எழும். அது எழுந்துவிட்டால், "ஆள் தேறிவிட்டான், இனி வேலையைக் கொடு" என்பார் அவர்.

இது காப்பியடிப்பதல்லவா என்று நீ முகம் சுளிப்பாய். 1936-இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், அங்கே தறிகளையும் போட்டு, பழைய சேலைகளின் கரைகளையும் நிறங்களையும் மறுபடி நெய்யவைத்தார். கலாக்ஷேத்ரா சேலை என்று இன்று தனிப் பெயரோடு வழங்குவது அங்கிருந்து வந்ததுதான்.

திருத்தங்கள்தான் உன்னை நோகடிக்கின்றன என்பதால் தாகூரைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. 1913-இல் நோபல் பரிசு பெற்ற அந்த மனிதர், கையெழுத்துப் படிகளில் தாம் அடித்த வரிகளை அப்படியே விட்டுவைக்க மனமில்லாமல், அந்த அடித்தல்களைக் கோடுகளால் இணைத்து விசித்திர விலங்குகளாகவும் பறவைகளாகவும் மாற்றிவந்தார். அந்தக் கிறுக்கல்களிலிருந்தே அறுபது வயதுக்கு மேல் ஓவியரானார். 1930-இல் பாரிஸில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவரிடம் அந்தப் படங்களை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனி.

ஆகவே நீயும் காலையில் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன், ஒரு கிராப் நோட்டை எடுத்து அரை மணி நேரம் உட்கார். உன் திரையில் இருப்பவையும் கட்டங்களே என்பதால் கணக்கு உனக்குப் புதிதில்லை. துளையிட்ட அட்டைகளின்படி கொக்கிகளால் பாவு இழைகளைத் தூக்கிப் பூ நெய்யவைக்கிற கருவி எங்கள் ஜக்கார்ட்; அதில் 240 கொக்கிகள் என்றால் கரையின் பூவை அந்தக் கணக்குக்குள் அடக்கியாக வேண்டும். அதுபோல நீயும் அகலத்தையும் நிறத்தையும் முன்கூட்டியே வரையறுத்துக்கொள். வெற்றுத் தாள் மிரட்டுகிற அளவுக்கு எல்லை போட்ட தாள் மிரட்டாது. வரைந்ததை அலுவலகத்தில் காட்டாதே, இன்ஸ்டாகிராமிலும் போடாதே. லைக்கும் ஒருவகை ஒப்புதல்தான், அம்மா.

விடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கக் கடன் இருந்தால் முதலில் அதை அடை. ஆனால் வெறும் ஓய்வு உடம்பைத் தேற்றுமே ஒழிய, திரும்பிப் போனதும் அதே மேசையும் அதே திருத்தங்களும்தான் காத்திருக்கும். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, முன்பு பிடித்தவை எதுவுமே பிடிக்காமல் போயிருந்தாலோ, கிராப் நோட்டை நம்பியிராமல் மருத்துவரைப் பார்த்துவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உன் பாட்டியின் அரக்குச் சேலை கிழிந்தபோது வெட்டி வைத்திருந்த முந்தியைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பட்டு இற்றுப்போயிருக்கிறது, ஒரே மடிப்பில் நாள்கணக்காக வைக்காதே. ஜரிகை கறுத்திருக்கிறதே என்று தேய்த்துவிடவும் வேண்டாம். அதில் அன்னப்பட்சி வரிசை ஒன்று உண்டு. ஒரு பட்சியின் காலில் ஏதோ பிசகு இருப்பதாக என் கண்ணுக்குத் தெரிகிறது, இந்த வயதில் இழை எண்ண முடியவில்லை. எல்லாப் பட்சிகளிலும் அதே பிசகு இருந்தால் ஜக்கார்ட் அட்டையில் துளை அடித்தவர் தவறவிட்டது; ஒன்றில் மட்டும் இருந்தால் தறியில் நேர்ந்தது. எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா