8 மில்லிகிராமில் ஏன் விறைக்கிறது?

ஹட்டன்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாகப் பனிமூட்டம், மலையே தெரியவில்லை.

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், மூளையில் செய்தி கடத்தும் டோபமைனோடு செரட்டோனினையும் அடைப்பதால் கைகால் விறைக்காது என்று படித்தோமே, 8 மில்லிகிராம் எடுக்கும் கொழுந்துக்காரிக்கு ஏன் விறைக்கிறது என்று கேட்டிருந்தாய். படித்தது பாதிதான் சரி. மூளைத்தண்டிலிருந்து வரும் செரட்டோனின் நரம்புகள் டோபமைனை அமுக்கி வைக்கின்றன. செரட்டோனின் வந்து ஒட்டும் 2ஏ ஏற்பியை அடைத்தால் அந்தப் பிடி தளரும். அசைவை நடத்தும் பகுதியில் கொஞ்சம் டோபமைன் கூடச் சுரந்து, தனக்குரிய டீ2 ஏற்பியில் மருந்தோடு மல்லுக்கட்டும், விறைப்பு குறையும். ஆனால் 2ஏ மீதுதான் ரிஸ்பெரிடோனுக்குப் பிரியம் அதிகம். நாளுக்கு 2 மில்லிகிராமிலேயே அது கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அதற்கு மேல் ஏற்றுவது டீ2வைத்தான் அடைக்கிறது. அங்கே 65 சதவீதம் அளவில் அடைபட்டால் குரல் கேட்பது தணியத் தொடங்கும்; 80ஐ நெருங்கினால் விறைப்பு. நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால், விறைப்பு விஷயத்தில் பழைய ஹாலோபெரிடோலைவிட இது உசத்தி என்று சொல்ல முடியாது.

செரட்டோனின்தான் எல்லாம் என்பவர்களிடம் அதே நோய்க்கான இன்னொரு மருந்தான அமிசல்பிரைடைக் காட்டு. 2ஏவில் அதற்கு வேலையே இல்லை, இருந்தும் விறைப்பு குறைவு. பிமாவன்செரின் நேர் எதிர்: டீ2வைத் தொடாமல் 2ஏவை அமர்த்தும். அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது பார்கின்சன் நோயோடு வரும் மாயத்தோற்றத்துக்கு, மனச்சிதைவுக்கு அல்ல.

அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்று. அப்போதே மற்றக் கையால் கொழுந்து கிள்ளுவதுபோலச் செய்யச் சொல். மறைந்திருக்கும் விறைப்பு பல்சக்கரம்போல விட்டு விட்டுத் தட்டும். நடக்கவிட்டுப் பார், கை வீசுகிறதா? உட்கார முடியாமல் கால் மாற்றி மாற்றி நின்றால் அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம், நோயின் பதற்றம் என்று எண்ணி மருந்தை ஏற்றிவிடாதே. பலர் வழுக்குவது அங்கேதான். டாக்டரிடம் சொல்லி அளவைப் படிப்படியாக இறக்கச் சொல். விறைப்பைத் தணிக்க பென்ஸ்ஹெக்ஸால் மாத்திரை கொடுத்தால் வெற்றிலை எவ்வளவு போடுகிறார் என்றும் கேள். பாக்கிலுள்ள அரிக்கோலின் அதற்கு எதிராகவே வேலை செய்யும்.

மனச்சிதைவுக்கான மற்றொரு மருந்தான ஓலன்சபின் பற்றியும் ஒரு வார்த்தை. பசியெடுத்து உடம்பு வைப்பதற்கு அது செரட்டோனினின் 2சி ஏற்பியையும் ஹிஸ்டமின் ஏற்பியையும் அடைப்பதே காரணம். தொடங்கும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சீனி மூன்றையும் குறித்து வை. ஆறு மாதம் கழித்துத்தான் முதல் தடவை அளந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

புகை பிடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஓலன்சபினும் அதே வகை மருந்தான குளோசபினும் இரத்தத்தில் ஏறிவிடும். அதுவரை அவற்றைக் கல்லீரலில் வேகமாகச் சிதைக்க வைத்தது நிக்கொட்டின் அல்ல, புகை. ஆகவே புகையிலை மெல்லுபவருக்கு இந்தக் கணக்கு இல்லை. குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் தவறினால் பழைய அளவைக் கொடுக்கக்கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற வேண்டும். மழைக்காலத்தில் பாதை அடைபட்டு கிளினிக் தவறுகிறவர்கள் உன் பக்கம்தான் அதிகம், அவர்கள் வீட்டாரிடம் இதை இப்போதே சொல்லி வை.

அந்த அம்மாவின் மணிக்கட்டு எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்