பெயருக்கு நேரே எழுத இடமில்லாமல் போனவை

அன்புள்ள தோழர்களுக்கும், எங்களை நம்பிக் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கும் வணக்கம்.

வீட்டைக் காலி செய்யும் ஓர் அப்பாவையும் அவர் மகளையும் பற்றிய நம் குறும்படத்தைப் போன வாரம் கல்லூரி அரங்கில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். மொத்தம் 11 நிமிடம் 40 விநாடி. அதில் கடைசி 40 விநாடி பெயர்கள். 20 பேர், ஆளுக்கு இரண்டு விநாடி. பெயர்கள் திரையில் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரே ஒரு வேலையைத்தான் போட்டிருந்தோம். ஒலிப்பதிவு என்று ஒருவர், படத்தொகுப்பு என்று ஒருவர், உதவி என்று நான்கு பேர். நீங்கள் செய்தது அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குவதா? இயக்கம் என்று என் பெயர் வந்ததே, அந்த இயக்கத்தில் பாதியை நான் கற்றுக்கொண்டது உங்களிடம்தான். அதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி ஒலிப்பதிவு செய்த தோழிக்கு.

வசனத்தைப் பிறகு டப்பிங்கில் பேசிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். "அப்பாவா நடிக்கிற பெரியவரால அதே மூச்சோட ரெண்டாவது தடவை பேச முடியாது. லைவ் சவுண்டாவே எடுப்போம்" என்று நீ ஒரே பிடியாக நின்றாய். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பே அந்த வீட்டுக்குத் தனியாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு பட்டியலோடு திரும்பினாய். பிரிட்ஜின் உறுமல், மேல்மாடி மோட்டார் ஓடும் நேரம், பக்கத்துப் பள்ளியில் மணி அடிக்கும் நேரம். நாங்கள் அதே வீட்டுக்கு மூன்று முறை போயிருந்தோம். ஜன்னலையும் சுவரின் நிறத்தையும் பார்த்துவிட்டு வந்தோமே தவிர, அங்கே என்ன கேட்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

முதல் நாள் காலை பிரிட்ஜை நிறுத்தினாய். நிறுத்திய கையோடு என் வண்டிச் சாவியை வாங்கி அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினாய். நான் புரியாமல் விழித்தேன். "ஷூட்டிங் பேக்கப் ஆனதும் சாவியைத் தேடுவே. தேடி இதைத் திறப்பே. திறந்தா மறுபடி ஆன் பண்ண ஞாபகம் வரும்" என்றாய். ஒலிப்பதிவுக்காரர்கள் பல காலமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் இது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நான்கு நாளும் அந்த வீட்டில் ஒரு பொருள் கெடவில்லை. சாயங்காலம் சில்லிட்டுப் போன சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், நாம் இருப்பது இன்னொருவர் வீட்டில் என்ற நினைவு எனக்கு வந்துவிடும்.

அப்புறம் அந்த ரூம் டோன். ஒவ்வொரு காட்சி முடிந்ததும், "யாரும் நகராதீங்க, முப்பது விநாடி" என்று கையை உயர்த்துவாய். யாரும் பேசாத அறைக்கும் தனக்கென்று ஓர் ஓசை உண்டு. வசனங்களுக்கு நடுவே வெட்டும் இடத்தில் முழு நிசப்தத்தை வைத்தால் காதுக்குப் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கும். அதே அறையின் ஓசையால் நிரப்பினால்தான் வெட்டு தெரியாது. மூன்றாம் நாள் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்த பதற்றத்தில், இந்த ஒரு தடவை வேண்டாம் என்றேன். நீ உயர்த்திய கையை இறக்கவே இல்லை. மொத்த யூனிட்டும் சிலை மாதிரி நின்றது. படத்தின் கடைசியில் காலி அறையில் அப்பா நிற்கும் இடத்தில் இசை கிடையாது. அங்கே கேட்பது அன்றைக்கு நீ விடாமல் பிடித்துவைத்த அந்த 30 விநாடிதான். அரங்கத்தில் இருமல் சத்தம்கூட அடங்கிப்போன இடமும் அதுதான்.

அடுத்தது கண்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் செய்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த முதலாண்டுத் தம்பிக்கு. உன்னோடு சேர்த்தே, அப்பாவாக நடித்த ஐயாவுக்கும் சொல்ல வேண்டும். உங்கள் இரண்டு பேரையும் அந்தச் சட்டை மடிக்கும் காட்சியிலிருந்து பிரிக்க என்னால் முடியவில்லை.

வீட்டைக் காலி செய்யும் அப்பா, மகளின் பழைய பள்ளிச் சட்டையை மடித்து வைக்கிறார். எழுத்தில் ஒரே வரி. வைட் ஷாட்டில் ஐயா பொத்தான்களைப் போட்டு, சட்டையைக் குப்புறக் கவிழ்த்து, இடது கையை உள்ளே மடித்து, பிறகு வலது கையை மடித்து, காலரின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவினார். குளோசப்புக்கு விளக்குகளை மாற்றி வைக்க ஒரு மணி நேரம் ஆனது. எடுக்கும்போது வலது கை முதலில் மடிந்தது. நான் ஐயாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஷாட் ஓகே என்று சொல்ல வாயெடுத்தபோது, "அக்கா, வைடுல இடது கைதான் முதல்ல" என்றாய், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். நோட்டில் சட்டையைப் படமாகவே வரைந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வைத்திருந்தாய். முதலாண்டு மாணவன் இயக்குநரை நிறுத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் அதே இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

ஐயா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி சொல்றது சரிதாம்மா. இத்தனை வருஷமா மடிச்ச கை தினம் ஒரே மாதிரிதானே மடிக்கும்" என்றார். நாங்கள் கண்டினியூட்டி என்றால் வெட்டு ஒட்டும்போது துருத்தாமல் இருக்க வேண்டிய கணக்கு என்றே படித்திருந்தோம். ஐயா அதை அந்த அப்பாவின் பழக்கமாகப் பார்த்தார்.

ஐயா, அதற்கு முன் நீங்கள் கேமரா முன்னால் நின்றதே இல்லை. என் வகுப்புத் தோழியின் தாத்தா என்ற ஒரே காரணத்துக்காக வந்தீர்கள். நான்காவது டேக் முடிந்ததும் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்த ஆளு இதை எடுத்துட்டுப் போறானா, விட்டுட்டுப் போறானா?" என்று கேட்டீர்கள். என்னிடம் பதில் இல்லை. எட்டு முறை திருத்தி எழுதிய திரைக்கதையில் அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு நாம் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து பேசினோம். எடுத்துக்கொண்டு போகிறவன் மேலோட்டமாக மடிப்பான், விட்டுவிட்டுப் போகிறவன்தான் பார்த்துப் பார்த்து மடிப்பான் என்றீர்கள். படத்தின் முடிவு அந்தப் படியில்தான் மாறியது. பெயர்ப் பட்டியலில் உங்களுக்கு நடிப்பு என்று மட்டும் போட்டது போதவே போதாது.

ஒளிப்பதிவு செய்த தோழனுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் உண்டு. முதல் நாள் மேசைக் காட்சியில், ஜன்னல் அழகாக இருக்கிறதே என்று கேமராவை எதிர்ப்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். இருவர் பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு இருக்கிறது, கேமரா அதற்கு ஒரு பக்கமாகவே 180 டிகிரிக்குள் நிற்க வேண்டும், தாண்டினால் பார்வைகள் குழம்பும் என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. அன்று இரவு ஒட்டிப் பார்த்தால் அப்பாவும் மகளும் ஒரே திசையைப் பார்த்து, அங்கே இல்லாத மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை நீ மற்றவர்களுக்கு முன்பே வந்து, மேசையைப் பழைய இடத்தில் போட்டு, விளக்கு வைத்துத் தயாராக இருந்தாய். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோட்டைத் தாண்டவே கூடாது என்பதில்லை, பார்ப்பவரைத் தடுமாற வைக்கக் காரணம் இருந்தால் தாண்டலாம். எனக்குக் காரணம் இருக்கவில்லை, ஒரு ஜன்னல்தான் இருந்தது.

உன் உதவியாளரையும் மறக்க மாட்டேன். கூடத்துக் குழல்விளக்கின் கீழே மானிட்டரில் மெல்லிய பட்டைகள் ஊர்வதை முதலில் கண்டவர் அவர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குழல்விளக்கின் ஒளி விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நம் கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/60 விநாடி திறந்திருந்தது, அதற்குள் அந்த ஏற்ற இறக்கம் முழு எண்ணிக்கையில் அடங்கவில்லை. 1/50-க்கு மாற்றியதும் சரியாக இரண்டு முறை அடங்கி, பட்டைகள் போய்விட்டன. அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் அரை நாள் வேலை வீண்.

உபகரண அறை அண்ணனுக்கு. நான் கேபிளை முழங்கையில் சுற்றியதைப் பார்த்து, கையிலிருந்து வாங்கி, ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் கீழாக என்று சுற்றிக் காட்டினீர்கள். முழங்கையில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறி உள்ளே இருக்கும் கம்பி நைந்துபோகும், உங்கள் முறையில் சுற்றினால் வீசிய வீச்சில் சிக்கில்லாமல் நேராக விழும். இதை எந்த வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் அந்தக் கேபிளை எடுக்கப்போகிற மாணவர்களின் சார்பிலும் நன்றி அண்ணா.

படம் பதிவான மெமரி கார்டுகளைப் பார்த்துக்கொண்ட தோழிக்கு: இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகே ஒரு கார்டை அழிக்கலாம் என்ற விதியை நள்ளிரவிலும் நீ தளர்த்தவில்லை. ஒரு ஷாட்கூடத் தொலையாமல் வீடு வந்து சேர்ந்தது உன்னால்.

படத்தொகுப்பாளரே, முதல் கட் 19 நிமிடம் இருந்தது. அதில் மகள் தெரு முழுக்க நடந்துபோகும் காட்சி நான் மிகவும் நேசித்து எடுத்தது. மதிய வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோம். அதை நீக்கிவிடலாம் என்று நீ சொன்னபோது உன்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். "பாக்குறவனுக்கு நீ வெயில்ல நின்னது தெரியாது. அவனுக்கு அவ ஏற்கெனவே போய்ட்டா" என்றாய். அந்தக் காட்சி இருந்த இடத்தில் பேக்கிங் டேப்பை இழுக்கும் ஓசையை மட்டும் முன்னாலேயே கொண்டுவந்தாய். தூங்கும் அப்பாவின் முகம் திரையில் இருக்கும்போதே அடுத்த அறையின் டேப் கிழிபடுகிறது, பிறகுதான் பெட்டிகளைப் பார்க்கிறோம். மகள் கிளம்பிவிட்டாள் என்பது அந்த ஓசையிலேயே வந்துவிட்டது. திரையிட்ட அன்றுதான் எனக்கு அது முழுதாக விளங்கியது. உன்னோடு பேசாத அந்த இரண்டு நாளை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

எங்கள் ஆசிரியருக்கு. முதல் மூன்று வாரம் எங்களைக் கேமராவைத் தொட விடவில்லை. 1919-இல் மாஸ்கோவில் உலகின் முதல் திரைப்படப் பள்ளி தொடங்கிய நாட்களில் படச்சுருளுக்குக் கடும் பஞ்சம் என்றும், லெவ் குலெஷோவ் தம் மாணவர்களைச் சுருளே இல்லாமல் காட்சிகளை நடித்துப் பழக வைத்தார் என்றும், பழைய படங்களை வெட்டி ஒட்டிப் பாடம் நடத்தினார் என்றும் சொன்னீர்கள். பிறகு ஒரே முகத்தை முதலில் காலி நாற்காலியோடும், அடுத்து ஒரு குழந்தையின் செருப்போடும் சேர்த்துக் காட்டினீர்கள். முகம் மாறவே இல்லை, ஆனால் எங்களுக்கு இரண்டு வேறு மனிதர்கள் தெரிந்தார்கள். ஒருவர் இயக்கினால் அடுத்த படத்தில் அவர் இன்னொருவருக்கு உதவியாக நிற்க வேண்டும் என்ற விதியை நீங்கள் போட்டபோது சிலர் முகம் சுளித்தோம். அந்த விதி இல்லாவிட்டால் இந்த மடலில் பாதி இருந்திருக்காது. படப்பிடிப்பில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் தவறு செய்வதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்ததற்கும் நன்றி சார். அது எவ்வளவு கடினமான வேலை என்று இப்போது புரிகிறது.

வீட்டைத் தந்த அம்மா, காலை ஆறு மணிக்கு அறிமுகமில்லாத 17 பேரை உள்ளே விட்டீர்கள். வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, போகும்போது அதன்படியே பொருட்களை வைத்துவிட்டு வந்தோம். ஒரு சின்னப் பூச்சாடி மட்டும் இடம் மாறியிருந்ததாம். அது இப்போதிருக்கும் இடமே நன்றாக இருக்கிறது என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

நேரம் கெட்ட நேரத்தில் திரும்பி வந்த எங்களுக்காக விழித்திருந்த வீட்டாருக்கும், விளக்குத் தாங்கிகளைத் தூக்கி வந்த, பெயர் போட விட்டுப்போன இரண்டு நண்பர்களுக்கும் நன்றி. உங்கள் பெயர்களை இணைத்துப் புதிய பிரதி தயாராகிவிட்டது.

கடைசியாக மறுபடியும் ஒலிப்பதிவுத் தோழிக்கு. அடுத்த படத்தை நீ இயக்குகிறாய், நான் பூம், அதாவது மைக் மாட்டிய நீளக் கம்பு பிடிக்கிறேன். தினமும் சாயங்காலம் கம்பைத் தலைக்கு மேலே பத்து நிமிடம் தூக்கிப் பிடித்துப் பழகுகிறேன். ஆறாவது நிமிடத்தில் தோள் நடுங்குகிறது, அடுத்த மாதத்துக்குள் சரியாகிவிடும். முதல் நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல். பிரிட்ஜுக்குள் வைக்க இந்த முறை உன் சாவியைத்தான் கேட்பேன்.