நெஞ்சுநோய் வார்டில் நர்ஸாக இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று இரவு போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லிப் பெரியவர் கெஞ்சினார், நான் கூட்டவில்லை, அவர் மகன் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றான்" என்று அழுதாயே, அதற்குப் பதில் எழுதுகிறேன்.

நீ செய்தது சரி. உன் வயதில் நான் அப்படிச் செய்யவில்லை.

1992-ல், நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாற்பது வருடம் விறகடுப்பு ஊதிய ஒரு பாட்டி. பீடியைத் தொட்டவர் இல்லை. அந்த அடுப்புப் புகையே நுரையீரலைத் தின்றிருந்தது. மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. "மூச்சு முட்டுகிறது தாயி, கொஞ்சம் கூட்டிவிடு" என்று இரவெல்லாம் கேட்டார். மனசு தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் 6 லிட்டருக்குத் திருப்பினேன். அரை மணி நேரத்தில் கண்ணயர்ந்தார். புண்ணியம் செய்துவிட்ட நிம்மதியில் கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன்.

ரவுண்டு வந்த மூத்த சிஸ்டர் பாட்டியின் கையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கை சுட்டது, நெற்றியில் வியர்வை. உலுக்கி எழுப்பிக் கைகளை நீட்டச் சொன்னால், மணிக்கட்டு இரண்டும் காக்கைச் சிறகுபோல் படபடத்தன. ஒரு நிமிடம் எண்ணினார், ஒன்பதே மூச்சு. "இது தூக்கமா? கரியமில வாயு ஏறிக் கிடக்கிறாள்" என்றார். ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்தாமல் பழைய அளவுக்கு இறக்கி, டாக்டருக்கு ஆள் அனுப்பினார். விடிந்து, பாட்டி கண்விழித்துக் காபி கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூச்சு விடும் உந்துதல் ஆக்சிஜனால் குறைந்துவிடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது மட்டுமல்ல, காற்றோட்டமில்லாத பகுதிக்கும் ரத்தம் பாயத் தொடங்குவதாலும் கரியமில வாயு தேங்குகிறது என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. எதுவானாலும், அந்தப் பெரியவருக்கு டாக்டர் ரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதம் வரை போதும் என்று எழுதியிருந்தால், விரலில் மாட்டி அதை அளக்கும் கருவி 97 காட்டுகிறதே என்று மகிழாதே. அதற்காக எல்லோரிடமும் கஞ்சத்தனம் காட்டிவிடாதே. நிமோனியாவில் வரும் இளைஞனுக்கு 94-க்குக் கீழே போனால் கை தயங்கக் கூடாது.

ஆனால் கூட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனால் அந்த மகன் திட்டத்தான் செய்வான். கூட்டாதவள் அங்கேயே நிற்க வேண்டும். பெரியவரை நிமிர்த்தி உட்கார வை. முன்னால் மேசையை இழுத்துப் போட்டுத் தலையணை வைத்து, அதில் இரண்டு கைகளையும் ஊன்றிச் சாயச் சொல். பிறகு நீயும் அவரோடு சேர்ந்து மூச்சு விடு: மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு பங்கு நேரம் மெல்ல ஊத வேண்டும். அந்த விறகடுப்புப் பாட்டிக்கு, "காபி ஆற்றுகிற மாதிரி" என்றேன், உடனே பிடித்துக்கொண்டார். அடுப்பு ஊதுகிற மாதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூச்சு வாங்குகிறவரிடம் கதை கேட்காதே. தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேள். மருந்தை ஆவிபோல் ஆக்கி மூச்சில் இழுக்கவைக்கும் நெபுலைசர் வைக்கும் வேளை வந்துவிட்டதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார். அப்படியும் தணியாவிட்டால் டாக்டரைக் கூப்பிடத் தயங்காதே, திட்டினால் திட்டட்டும்.

மூச்சை எண்ணுவதை மட்டும் விட்டுவிடாதே. எங்கள் வார்டில் விரலில் மாட்டும் கருவி அப்போது கிடையாது, கைக்கடிகாரம்தான். இப்போது அது இருப்பதால் எல்லோரும் ஷீட்டில் 20, 20 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது. கருவி கரியமில வாயுவைக் காட்டாது. விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிஜனையே தப்பாகக் காட்டும். நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சைப் பார்த்து முழு நிமிடம் எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா அந்தப் பக்கம் வருகிறார். எலுமிச்சை ஊறுகாயோடு நான்கு பனையோலை விசிறியும் கொடுத்தனுப்புகிறேன். முகத்தில் காற்றுப் பட்டாலே மூச்சுத் திணறல் கொஞ்சம் அடங்கும். ஒன்றை அந்த மகன் கையில் கொடுத்து, அப்பாவின் முகத்துக்கு நேரே விசிறச் சொல். ஒருவருக்குக் கொடுத்ததை அடுத்த கட்டிலுக்கு மாற்றாதே.

அன்புடன்,
அம்மா