கழிவிரக்கம்

அன்புள்ள முருகேசா,

பங்குனியில் நீ எழுதியதற்கு ஆடியில் பதில் போடுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. புளி அடுத்த வாரம் பார்சலில் வரும், ராஜியிடம் சொல்லிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை அச்சகத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஒரு நாவலில், 'உலகமே தன்னை வஞ்சித்துவிட்டதென்று கழிவிரக்கத்தில் அழுதான்' என்று இருந்தது. மெய்ப்புப் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் பெண் அதைத் திருத்தாமல் விட்டிருந்தாள். நாலு பேர் முன்னால், "படித்துவிட்டுத்தான் வந்தாயா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பேசவில்லை. சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தாள். அந்த விரல்கள் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கின்றன.

அவன் அழுதது சுய இரக்கம். கழிவு என்றால் கழிந்துபோனது. 'மன்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் முதலில் சொல்லும் பொருளே கழிவுதான். அதியமான் செத்தபின் ஔவை பாடிய 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' ஞாபகம் இருக்கிறதா? பரீட்சையில் கள்ளைக் கண் என்று எழுதியவனாயிற்றே நீ! கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், அதெல்லாம் போயிற்று. அந்தப் 'போயிற்று' முழுக்க ஒரு மன்னில் இருக்கிறது. அப்படிக் கழிந்ததற்கு இரங்குவதுதான் கழிவிரக்கம்.

ஆனால் பச்சாத்தாபமும் வடமொழியில் 'பின்னால் வரும் வேக்காடு'தான். நம்மிடம் வந்து அடுத்தவர்மேல் படும் பரிதாபமாகவும் ஆகிவிடவில்லையா? கழிவிரக்கமும் வழி மாறியதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? பத்திரிகைகளில் அப்படித்தானே படித்து வளர்ந்திருக்கிறாள்.

ராத்திரி தூக்கம் வராமல் 655ஆம் குறளை எடுத்தேன். 'எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று.' மறுபடி அப்படிச் செய்யாதே என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பரிமேலழகரோ, செய்துவிட்டால் பின்னால் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காதே என்கிறார். எனக்கு அது ஒத்துவரவில்லை, முருகேசா. இரங்காமல் இருந்திருந்தால் மறுநாள் அவள் மேசைக்குப் போயிருப்பேனா?

அதே நாலு பேரும் இருக்கும்போதுதான் போனேன். "நேற்று நான் பேசியது தப்பும்மா" என்றேன்.

"அந்தச் சொல் தப்புதானே சார்?" என்றாள்.

"தப்புதான். அதை அப்படியா சொல்வது?"

தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தை எடுத்துக்கொண்டாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீ பரிமேலழகர் கட்சியாகத்தான் இருப்பாய். ஆனாலும் எழுது.

உன்,
சுந்தரம்